சுட்டியை அவிழ்த்தவள்

அந்தப் பதிவுக் கருவியை மேசையின் இந்த மூலையில் வையுங்கள், அம்மிணி. அங்கே மின்விசிறிக் காற்று அடிக்கும். கூட்டம் தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது. நான் சொல்வதை வரிசை மாற்றாமல் எழுத வேண்டும். வரிசை மாறினால் எது எதனால் வந்தது என்பது மாறிப்போகும். பத்திரிகைக்காரர்கள் எல்லாம் அதைத்தான் செய்கிறார்கள்.

முதலாவது கொடுமை, பொலிகாளையை விற்றது. பசுக்களைச் சினைப்படுத்த ஊருக்குப் பொதுவாக ஒரு காங்கேயம் காளை இருந்தது. இனிமேல் சினை ஊசிதான், காளைக்குத் தீனி எதற்கு என்று பால் சொசைட்டி நிர்வாகம் ஒரே கூட்டத்தில் முடிவெடுத்து ஏலம் விட்டது. கேட்கவில்லை. யாரையும் கேட்கவில்லை.

இரண்டாவது, காலைப் பால் நேரத்தை முன்னுக்குத் தள்ளியது. வண்டி சீக்கிரம் வருகிறதாம். வண்டிக்காக மாடு கறக்க வேண்டும், மாட்டுக்காக வண்டி வராது.

மூன்றாவது, உப்பு மூட்டை. தாது உப்புக் கலவை என்று ஒரு தூள். தீவனத்தில் கலந்து கொடுப்பது. சுண்ணாம்பு, பாஸ்பரஸ், துத்தநாகம் என்று மூட்டை மேல் அச்சடித்திருக்கும். அது கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு துண்டறிக்கையில் சொன்னேன், அது வேறு. சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவன் மூட்டை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். கட்டாயம் என்றார்கள். என்னிடம் வந்து கட்டாயம் என்றார்கள்.

நான்காவது, ஊசி போடுகிறவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு ஆள் போடாமல் விட்டது. மாடு பருவத்துக்கு வந்து கத்துவது ஒரு நாள், பக்கத்து ஊர் ஊசிக்காரர் வருவது ஒரு நாள். மாடு நாள்காட்டி பார்த்தா கத்தும்?

ஐந்தாவது, சொசைட்டிப் புதுக் கட்டடத்தின் கல்வெட்டில் என் பெயரை விட்டது. அந்த இடத்துக்காக மறியல் செய்து சிறையில் இருந்தவன் நான். சிமெண்ட் கொடுத்த கடைக்காரன் பெயர் கல்லில் இருக்கிறது. இதை நான் ஐந்தாவதாகத்தான் சொல்கிறேன், கவனியுங்கள். நஞ்சப்பன் கல்லில் பேர் வரவில்லை என்றுதான் ஊரைக் கூட்டுகிறான் என்று சொசைட்டிச் செயலாளர் குழந்தைவேலு சொல்லித் திரிகிறான். அப்படியென்றால் அதை முதலாவதாகச் சொல்லியிருக்க மாட்டேனா?

ஆறாவதைத்தான் நீங்கள் கேட்க வந்திருக்கிறீர்கள். ஆனால் கொடுமை என்று கேட்க வரவில்லை. சினை பிடிக்காத மாடுகளுக்கு மூலிகையும் தாது உப்பும் கொடுத்துப் பிடிக்க வைத்த ஊர் என்று உங்கள் மாத இதழில் படம் போட வந்திருக்கிறீர்கள். கால்நடை டாக்டரம்மா சொல்லி அனுப்பினாரா? அவர் அப்படித்தான் சொல்வார். வெற்றிக் கதை. என்னைக் கேளுங்கள். அது துரோகக் கதை.

நான் அதிகம் படித்தவன் இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டதும் துண்டறிக்கைதான் எனக்குப் பாடப் புத்தகம். பஸ் ஸ்டாண்டில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக் கடைசி வரியில் அச்சகத்தின் பெயர் வரைக்கும் படிப்பேன். அப்படிக் கற்றுத்தான் இந்தக் கறவை மாட்டுக்காரர் உரிமைச் சங்கத்தைத் தொடங்கினேன். ஊஞ்சக்காட்டுவலசில் இன்றைக்கு மாடு வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் சங்க உறுப்பினர் இருக்கிறார். விதிகளை நான்தான் எழுதினேன். அதில் ஏழாவது விதி முக்கியம். போராட்டத்தை உடைக்கிறவர் பெயர், ஆண்டுப் பொதுக்குழுவில், மூன்று சாட்சிகள் எழுந்து நிற்க, உரக்க வாசிக்கப்படும். வாசித்த நாளிலிருந்து ஓராண்டுக்குச் சங்கத்தார் ஒருவரும் அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. நல்லதுக்கும் கூடாது, கெட்டதுக்கும் கூடாது.

ஒரு முறை வாசித்திருக்கிறேன். அதோ பந்தலுக்குக் கயிறு இழுத்துக் கட்டுகிறானே, ஆறுச்சாமி, அவன் பெயரைத்தான். பால் நிறுத்தப் போராட்டத்தின்போது அவன் திருட்டுத்தனமாகத் தனியார் வண்டிக்குப் பால் ஊற்றினான். மனைவிக்குப் பிரசவம், ஆஸ்பத்திரிச் செலவு என்று காரணம் சொன்னான். காரணம் எல்லோரிடமும் இருக்கும். வாசித்தேன். அந்த வருஷம் அவன் அப்பா செத்தார். சங்கத்தார் ஒருவரும் போகவில்லை. தூக்குவதற்கு வெளியூரிலிருந்து ஆள் வந்தது. அதுதான் கட்டுப்பாடு. இன்றைக்கும் ஆறுச்சாமி என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறான். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

சரி, உப்புக்கு வருகிறேன். சொசைட்டி கட்டாயம் என்றதும் நான் உப்பு மறுப்புப் போராட்டம் அறிவித்தேன். வேதாரண்யத்தில் உப்பை அள்ளினார்கள், ஊஞ்சக்காட்டுவலசில் உப்பைக் கொட்டுவோம் என்று துண்டறிக்கை அடித்தேன். நல்ல வரி அல்லவா? ஊரே மூட்டை மூட்டையாக எடுத்து வந்து சொசைட்டி வாசலில் கொட்டியது. வெள்ளை வெளேரென்று குவிந்து கிடந்தது. அன்று நான் பேசிய பேச்சை இன்றைக்கும் சொல்வார்கள். சொசைட்டி பணிந்தது. கட்டாயம் ரத்து. அதன் பிறகு இந்த ஊரில் ஒரு வீட்டிலும் தாது உப்பு வாங்கவில்லை. கட்டாயம் இல்லையே, வாங்கலாமே என்று சிலர் கேட்டார்கள். வென்ற போராட்டத்தை நாமே தோற்கடிப்பதா என்று கேட்டு உட்கார வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் மாடுகளுக்குச் சினை நிற்காமல் போனது. அதற்குப் பிறகு என்றால், அதனால் இல்லை. இதை அப்படியே எழுதுங்கள். சில மாடு பருவத்துக்கே வராது. சில மாடு வரும், ஊசி போடுவோம், நிற்காது. மறுபடி கத்தும், மறுபடி ஊசி. காரணம் என்ன? நான்காவது கொடுமை. ஊசிக்காரர் இல்லை. அதோடு ஊசி மருந்தும் சரியில்லை என்பது என் கருத்து. டாக்டரம்மா மட்டும் சத்துக்குறைவு, சத்துக்குறைவு என்றார். பாஸ்பரஸ் இல்லாமல் மாடு எப்படிப் பருவத்துக்கு வரும் என்றார். சின்னப் பெண். கொட்டிய உப்பின் வரலாறு அவருக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் ஒரு மாடு. கலப்பு ஜெர்சி. நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருக்கும், அதனால் சுட்டி என்றே பெயர். முதல் ஈத்தில், முதல் கன்று போட்டபோது, கொட்டிக் கறந்த மாடு. அதற்கப்புறம் மூன்று வருஷமாக ஒன்றும் இல்லை. வறட்டு மாட்டுக்கு எத்தனை நாள் வைக்கோல் போடுவது? வியாபாரியிடம் பேசிவிட்டேன். அடிமாட்டுக்குத்தான் போகும், தெரியும். வீட்டுக்காரி இரண்டு நாள் சுட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள், "ஒரே ஒரு தடவை பாக்கலாமுங்க. அடுத்த பருவத்துல நிக்கலீன்னா நானே கவுத்தப் புடிச்சு உட்டர்றேன்" என்றாள். சரி என்றேன். இரக்கம் உள்ளவன்தான் நான்.

அப்போதுதான் எனக்கு அந்தப் போராட்டம் தோன்றியது. வறட்டு மாடு கட்டும் போராட்டம். சினை நிற்காத மாடுகளையெல்லாம் ஓட்டி வந்து சொசைட்டி வளாகத்தில் கட்டுவது. கோரிக்கை நிறைவேறும்வரை அவிழ்ப்பதில்லை. நிரந்தர ஊசிக்காரர் வேண்டும், பொலிகாளை திரும்ப வேண்டும், பகிரங்க மன்னிப்பு வேண்டும். கல்வெட்டுத் திருத்தமும் இருந்தது, கடைசியில். தமிழ்நாட்டிலேயே இப்படி ஒரு போராட்டம் நடந்ததில்லை. நடந்திருந்தால் துண்டறிக்கை என் கைக்கு வந்திருக்கும்.

வைகாசியில் கட்டினோம். வளாகம் நிறைய மாடு. முன்னால் மேடை. நான் மேடையில் அலுவலக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எதிரியின் முகத்தைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும், அது முறை. மாடுகள் எனக்குப் பின்னால். பெண்களும் பின்னால். சமையல், தண்ணீர், சாணி வழிப்பது, அதெல்லாம் அங்கே.

அங்கே என்ன நடந்தது என்பதைத்தான் நீங்கள் எழுத வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். மூலிகை கொடுத்தார்கள். அதற்கு நான் அனுமதி கொடுத்தேன், மறுக்கவில்லை. மூலிகை நம்முடையது, அதில் கம்பெனி இல்லை, கட்டாயம் இல்லை. தினம் ஒரு வெள்ளை முள்ளங்கி, அது சில நாள். அப்புறம் சோற்றுக்கற்றாழை மடல். அப்புறம் முருங்கைக்கீரை, பிரண்டை, கடைசியில் மஞ்சள் சேர்த்துக் கறிவேப்பிலை. எல்லாம் வெல்லத்தையும் கொஞ்சம் கல்லுப்பையும் தொட்டு, கையாலேயே ஊட்டிவிடுவது. இதைப் பற்றி நான் மேடையில் ஒரு மணி நேரம் பேசினேன். கைதட்டல் வந்தது.

ஆனால் தாது உப்பு? டாக்டரம்மா ஸ்கூட்டரில் ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு வந்தார். முன்வாசலில் நான் மறித்தேன். இந்த மண்ணில் அது கொட்டப்பட்ட பொருள், உள்ளே வராது என்றேன். அவர் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போனார். நானும் வென்றேன் என்று உட்கார்ந்துவிட்டேன். ஸ்கூட்டர் சுற்றிப் போய்ப் பின்பக்கக் கேட்டில் நின்றிருக்கிறது. எங்கள் வீட்டுக்காரி மூட்டையை இறக்கியிருக்கிறாள். தவிட்டுத் தண்ணித் தொட்டியில் ஒவ்வொரு மாட்டுக்கும் அளந்து அளந்து கலக்கியிருக்கிறாள். மறைத்துக்கூட இல்லை! பட்டப்பகலில், நூறு பேர் பார்க்க. நான்தான் பார்க்கவில்லை. பிறகு கேட்டபோது என்ன சொன்னாள் தெரியுமா?

"மேடையில நீங்க பேசுங்க. தொட்டியில நான் பேசிக்கறேன்."

அம்மிணி, அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. எழுதுங்கள்.

இன்னொன்றும் நடந்தது. வீட்டில் இருந்தால் பெண்கள் கறந்துவிட்டுக் காட்டு வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போய்விடுவார்கள். மாடு எப்போது பருவத்துக்கு வந்தது, எப்போது அடங்கியது, யாருக்குத் தெரியும்? இங்கே வேறு வேலை இல்லை. நாள் முழுக்க மாட்டின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். "இதுக்கு வழும்பு கண்ணாடியாட்டம் தொங்குது பாரு", "அது பக்கத்து மாட்டு மேல தாவுது பாரு" என்று ஒரே பேச்சு. நான் உலக வர்த்தகம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் இந்தப் பேச்சு. ஒழுங்கு வேண்டாமா?

போராட்டம் உச்சத்துக்கு வந்தது. தாசில்தார் பேச்சுவார்த்தைக்கு வந்தார். மேடைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குழந்தைவேலு கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என் வாழ்நாளில் அவன் கையைக் கட்டி நான் பார்த்தது அன்றுதான். நான் எழுந்து, "ஐயா, இந்த மலட்டு மாடுகளைப் பாருங்கள், இந்த நிர்வாகம் செய்த பாவத்தைப் பாருங்கள்" என்று கையைப் பின்னால் நீட்டினேன்.

சுட்டி கத்தியது. அடிவயிற்றிலிருந்து ஒரு கத்து. கத்திவிட்டுப் பக்கத்து மாட்டின் மேல் தாவியது.

குழந்தைவேலு கட்டிய கையை அவிழ்த்துவிட்டான். "ஏனுங்க நஞ்சப்பண்ணா, உங்க மலட்டு மாடு உங்களுக்கு முந்திப் பேச்சுவார்த்தைக்கு வந்துருச்சாட்டம் இருக்குதுங்க" என்றான். தாசில்தார் கைக்குட்டையால் வாயை மூடினார். போலீஸ்காரர் திரும்பி நின்று தோள் குலுங்கினார். அம்மிணி, சிறையில் அடி வாங்கியிருக்கிறேன். அது இவ்வளவு வலித்ததில்லை.

நான் கீழே இறங்கிப் பின்னால் போனேன். வீட்டுக்காரி ஏற்கெனவே சுட்டியின் கயிற்றில் கை வைத்திருந்தாள்.

"தொடாதே. பேச்சு முடியட்டும்" என்றேன்.

"விடியக்கால இருந்தே அலையுதுங்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஊசி போட்டாகோணும். டாக்டரம்மாகிட்டச் சொல்லியாச்சு."

"மூன்று வாரத்தில் மறுபடி கத்தும். அப்போது போகலாம்."

"அதுக்குள்ள யாவாரி வந்துருவானுங்களே. நீங்கதான வரச் சொன்னீங்க?"

"தாசில்தார் உட்கார்ந்திருக்கிறார்! ஊரின் பிரச்சினை! ஒரு மாடு பெரிதா?"

"உங்களுக்கு ஒரு மாடு. எனக்கு இருக்கறதே இந்த மாடு" என்றாள். கயிற்றை அவிழ்த்தாள். மேடைக்கு முன்னால், தாசில்தாருக்கு முன்னால், என் கொடிக்கு முன்னால், சுட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவ்வளவுதான். ஒருத்தி அவிழ்த்தால் போதும். மறுநாள் இன்னொரு மாடு கத்தியது, அதன் வீட்டுக்காரி அவிழ்த்தாள். அப்புறம் இரண்டு. அப்புறம் நாலு. ஒவ்வொரு மாடாகக் கத்தக் கத்த என் போராட்டம் கரைந்தது. கடைசியில் நானும் மைக்கும் நிறைய முளைக்குச்சிகளும் இருந்தோம். ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. "மாடே இல்லீங்களே, எதைப் பத்திப் பேசறது?" என்று தாசில்தார் போய்விட்டார். ஊசிக்காரரைப் போட்டார்களா? போட்டார்கள், பிறகு. டாக்டரம்மா எழுதிக் கேட்டதற்காகப் போட்டார்களாம். போராட்டத்துக்காக இல்லையாம். மன்னிப்பு இல்லை. கல்வெட்டு அப்படியே இருக்கிறது, போகும்போது பாருங்கள்.

மாடுகளில் முக்கால்வாசி சினை நின்றுவிட்டன என்கிறீர்கள். நின்றன. ஈன்றன. அதோ வேப்ப மரத்தடியில் கட்டியிருக்கிறதே, நெற்றியில் சுட்டியோடு, அது எங்கள் வீட்டுக் கிடேரி. நல்ல கன்று. அதைப் பற்றி நான் பேசவில்லை. மூலிகையா உப்பா என்று கேட்டால் மூலிகை என்றுதான் சொல்வேன். அவள், "மூலிகையும்தான், உப்பும்தான், நாங்க கண்ணு கொத்திப் பாத்துட்டு இருந்ததும்தான்" என்கிறாள். ஊரும் இப்போது மறுபடி உப்பு வாங்குகிறது. கட்டாயம் இல்லாமலே வாங்குகிறார்கள். அது எனக்குப் புரியவில்லை.

இப்போது இன்றைய பொதுக்குழுவுக்கு வருகிறேன். ஏழாவது விதி. போன மாதம் செயற்குழுவில் ஆறுச்சாமி எழுந்தான். "மாமா, என்ற பேரை வாசிச்சீங்க. எங்கப்பன் பொணத்துக்குக்கூட ஒருத்தரும் வல்ல. நான் ஒண்ணும் சொல்லல. இப்ப மொதல்ல அவுத்தது யாருன்னு எல்லாத்துக்கும் தெரியும். வாசிப்பீங்களா?" என்றான். பழி வாங்குகிறானா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. வாசிப்பேன் என்றேன். நஞ்சப்பன் சொந்த வீட்டுக்கு ஒரு விதி, ஊருக்கு ஒரு விதி வைத்தான் என்று எவனும் சொல்லக் கூடாது.

வாசித்தால் நான் அந்த வீட்டு வாசலை ஓராண்டு மிதிக்க முடியாது. தெரியும். நானும் சங்கத்தான்தான். அதோ அந்த மூலையில் பாய், தலையணை, ஒரு பை. இன்று ராத்திரியிலிருந்து எனக்கு இந்தச் சங்கத் தகரக் கொட்டகைதான். பையை அவள்தான் கட்டினாள். "சக்கரை மாத்திரை சைடு சிப்புல இருக்குது, சாப்படறதுக்கு முந்தி போடோணும்" என்றாள். வருந்துவாள் என்று பார்த்தேன். பொட்டிட்டுப் பூ வைத்துக்கொண்டிருந்தாள், ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி. சாப்பாடு கொடுத்தனுப்பலாமா என்பது பற்றி விதியில் ஒன்றும் இல்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு தகராறுதான். 'தலைவரின் குடும்பத்தார்' என்று வாசிக்கலாம் என்று நினைத்தேன். கண்ணியமாக இருக்கும். அவள் விடவில்லை. "குடும்பத்தாருன்னு வாசிச்சீங்கன்னா மைக்கப் புடுங்கிருவேன். ஏ புள்ள, இந்தா, உள்ள யாருன்னே கூப்புட்டுக் காலத்தை ஓட்டிட்டீங்க. சொசைட்டி அட்டை உங்க பேர்ல. மாட்டுக்குக் காப்பீடு உங்க பேர்ல. கல்லுல பேரு இல்லீன்னு ஊரையே கூட்டுனீங்க, என்ற பேரு எதுலீங்க இருக்குது? துரோகின்னாலும் சரி, பேரச் சொல்லி வாசிங்க" என்றாள். இது ஒரு பேச்சா? கல்வெட்டு வேறு, இது வேறு. ஆனாலும் விதியில் 'பெயர்' என்றுதான் இருக்கிறது. எழுதியவன் நான்.

மைக் வந்துவிட்டது. கருவியை அணைக்க வேண்டாம், ஓடட்டும்.

ஹலோ. ஹலோ. எல்லோரும் உட்காருங்கள். பின்னால் பேச்சை நிறுத்துங்கள். ஏழாவது விதிப்படி சாட்சிகள் மூவர் எழுந்து நிற்கவும். ஒன்று, ஆறுச்சாமி. இரண்டு, டீக்கடை ரங்கநாதன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நில்லப்பா. மூன்று, அம்மிணி, நீங்கள். வெளியூரார் நிற்கக் கூடாது என்று விதி இல்லை. நில்லுங்கள்.

அந்தக் கன்றை யார் அவிழ்த்துவிட்டது? மேடைத் துணியைத் தின்கிறது. பிடியுங்கள்.

"சென்ற வைகாசியில் நம் சங்கம் நடத்திய வறட்டு மாடு கட்டும் போராட்டத்தில், பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே தம் மாட்டை அவிழ்த்து, கட்டுப்பாட்டை முதலாவதாக உடைத்தவர்..." எதற்குக் கை தட்டுகிறீர்கள்? இது பாராட்டு விழா இல்லை! இன்னும் பேரே வாசிக்கவில்லை. ஆறுச்சாமி, சாட்சி கை தட்டக் கூடாது. விசில் அடித்தது யார்? பெண்கள் பக்கம் கொஞ்சம் அமைதி. ஏ புள்ள, நீ ஏன் எழுந்து நிற்கிறாய்? எழுந்து நிற்க வேண்டும் என்று விதியில் இல்லை. சரி, நில்.

"...முதலாவதாக உடைத்தவர். ஊர், ஊஞ்சக்காட்டுவலசு. கணவர் பெயர், நஞ்சப்பன். பெயர்..."

கேட்கவில்லையா? மைக்கில்தானே சொல்கிறேன். இருங்கள், சொல்கிறேன்.

"பெயர், பூவாத்தாள்."